புது வண்டிக்குப் புதுக் கணக்கு: கிட் காரின் ஓடோமீட்டரைப் பூஜ்யமாக்குதல்

சேஸி புதிது, பாடி புதிது, பிரேக் குழாய்கள் புதிது. எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் 1992-இல் வந்த ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரிலிருந்து கழற்றியவை. செலவு மிச்சமாகும் என்று அதே காரின் மீட்டரையும் டேஷ்போர்டில் பொருத்திவிட்டீர்கள். சாலையில் இன்னும் ஓரடிகூட உருளாத வண்டி 87,412 மைல் ஓடியதாகக் காட்டுகிறது. இந்த எண்ணை என்ன செய்வது?

பிரிட்டனில் வீட்டு கேரேஜில் கிட் கார் கட்டுகிறவர்களில் பலர் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். 250 பவுண்டுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ரான் சாம்பியன் 1996-இல் புத்தகம் எழுதினார். அதைப் பின்பற்றி 'லோகாஸ்ட்' கட்டியவர்கள், ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டை வாங்கி எஞ்சின் முதல் ஸ்டியரிங் வரை எடுத்துக்கொண்டார்கள். மீட்டரும் அதோடு வந்தது. இன்றும் ஃபோர்டு சியெரா, எம்எக்ஸ்-5 என்று உறுப்புகளைத் தரும் 'டோனர்' கார் மாறியிருக்கிறதே தவிர, வழக்கம் மாறவில்லை.

இந்த அத்தியாயத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடோமீட்டரை ஒரே ஒரு முறை பூஜ்யமாக்குங்கள். வண்டி பதிவாவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள். செய்ததை எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

ஒரு வண்டி, மூன்று கணக்கு

கடையில் வாங்கிய காரில் சேஸிக்கும் எஞ்சினுக்கும் மீட்டருக்கும் ஒரே வயது. கிட் காரில் அப்படியல்ல. மீட்டர் காட்டும் எண் மூன்றில் எதற்கு வேண்டுமானாலும் உரியதாக இருக்கலாம்.

முதலாவது, வண்டி ஓடிய தூரம். புதுச் சேஸி, வீல் பேரிங், புஷ், பிரேக் எல்லாவற்றின் தேய்மானமும் இந்தக் கணக்கில்தான் அடங்கும்.

இரண்டாவது, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஓடிய தூரம். டோனர் காரில் ஓடியதையும் உங்கள் வண்டியில் ஓடியதையும் கூட்டினால் இது கிடைக்கும்.

மூன்றாவது, மீட்டர் என்ற கருவியே ஓடிய தூரம். வேறொரு காரிலிருந்து மீட்டரை மட்டும் தனியே வாங்கியிருந்தால், அது காட்டும் எண்ணுக்கும் உங்கள் வண்டியின் எந்த உறுப்புக்கும் தொடர்பே இருக்காது.

டேஷ்போர்டில் இருக்க வேண்டியது முதல் கணக்கு. இரண்டாவதைக் கட்டுமானப் பதிவேட்டில் வைக்க வேண்டும். மூன்றாவது யாருக்கும் பயன்படாது. அதை அழிப்பதற்காகத்தான் பூஜ்யமாக்குகிறோம்.

இரண்டாவது கணக்கைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். எம்எக்ஸ்-5 எஞ்சினின் டைமிங் பெல்ட்டை 60,000 மைல் அளவில் மாற்ற வேண்டும். டோனர் காரில் 55,000 ஓடிய எஞ்சினைப் பெல்ட் மாற்றாமல் பொருத்தி, டேஷ்போர்டில் பூஜ்யம் வைத்துவிட்டீர்கள் என்று கொள்வோம். மீட்டர் வெறும் 5,000 காட்டும்போதே பெல்ட்டின் ஆயுள் முடிந்துவிடுகிறது. புது எண்ணை மட்டும் நம்பி ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே பெல்ட்டை மாற்றிவிட்டு, மாற்றிய தேதியையும் எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது.

சட்டத்தின் பக்கம்

பிரிட்டனில் ஓடோமீட்டர் எண்ணை மாற்றுவது மட்டுமே குற்றமாகாது. மாற்றியதை மறைத்து விற்பதுதான் குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனிநபர் பொய்யான எண்ணைச் சொல்லி விற்றால் வாங்கியவர் 1967-ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டப்படி நிவாரணம் கேட்கலாம். வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டம் பாயும். வியாபாரிகளுக்கு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் தனியே உண்டு.

அமெரிக்காவில் கட்டுப்பாடு இதைவிடக் கடுமை. ஓடோமீட்டரைப் பழுதுபார்க்கும்போது பழைய எண்ணை அப்படியே வைக்க முடியாவிட்டால், அதைப் பூஜ்யமாக்க வேண்டும் என்பது அங்கே கூட்டாட்சிச் சட்டம். முன்பிருந்த எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டகத்தில் ஒட்டவும் வேண்டும். பிரிட்டனில் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனாலும் நல்ல வழக்கம் எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். லோகாஸ்ட் போன்ற 'செவன்' வகை வண்டிகளில் பலவற்றுக்குக் கதவே கிடையாது. அவற்றில் முந்தைய எண்ணும் தேதியும் எழுதிய ஒரு தகட்டை பானெட்டுக்குக் கீழே, சேஸி எண் தகட்டின் அருகில் பொருத்துங்கள்.

டோனர் காரின் எம்.ஓ.டி. (ஆண்டுத் தகுதிச் சோதனை) வரலாறு உங்கள் வண்டியோடு வரும் என்று நம்பியிருக்காதீர்கள். ஒவ்வோர் எம்.ஓ.டி. சோதனையிலும் மீட்டர் எண் பதிவாகும். 2005 முதலான பதிவுகளை அரசு இணையதளத்தில் பதிவு எண் கொடுத்து யாரும் பார்க்கலாம். ஆனால் வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ. உங்கள் கிட் காருக்கு வயதுக்கேற்ற எண்ணோ, வயது உறுதியாகாத வண்டிகளுக்கான 'கியூ' எண்ணோ கொடுத்தால் அது வேறு எண். பழைய வரலாறு பழைய எண்ணின் கீழேயே தங்கிவிடும். ஆகவே டோனர் காரைப் பிரிக்கும் முன்பே அந்த வரலாற்றை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு, பிறகு பூஜ்யம்

பலர் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் மீட்டர் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். தவறாக எண்ணும் மீட்டரைப் பூஜ்யமாக்கினால், பூஜ்யத்திலிருந்தே தவறு சேரத் தொடங்கும்.

டயர் மாறினாலே கணக்கு மாறும். டோனர் கார் 185/60 அளவு டயரில் 14 அங்குலச் சக்கரத்தோடு ஓடியது. நீங்கள் அதே 185/60 டயரை 13 அங்குலச் சக்கரத்தில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டயரின் விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டரிலிருந்து 552 ஆகக் குறைகிறது. சக்கரம் மைலுக்கு அதிக முறை சுற்றும். உண்மையில் 10,000 மைல் ஓடியிருக்கும்போது மீட்டர் 10,460 என்று காட்டும்.

கேபிள் மீட்டரை அளவிட எளிய வழி ஒன்று உண்டு. பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களில் முகப்பின் கீழ்ப்பகுதியில் 1000, 1280 என்பது போலச் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். கேபிள் எத்தனை முறை சுற்றினால் மீட்டர் ஒரு மைல் என்று எண்ணும் என்பதை அது சொல்கிறது. உங்கள் வண்டியின் கேபிள் மைலுக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று கண்டுபிடித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

1. மீட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் முனையில் ஒரு துண்டு அட்டையைக் கொடிபோல் செருகுங்கள்.
2. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வையுங்கள். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து தரைவரை உள்ள உயரத்தை அங்குலத்தில் அளந்து குறியுங்கள்.
3. டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, பின்சக்கரம் சரியாக 6 சுற்றுச் சுற்றும்வரை வண்டியை நேராகத் தள்ளுங்கள். அட்டை எத்தனை முறை சுற்றியது என்று கால் சுற்றுவரை எண்ணுங்கள்.
4. அந்த எண்ணிக்கையை 1680-ஆல் பெருக்கி, அளந்த உயரத்தால் வகுங்கள். மைலுக்கு இத்தனை கேபிள் சுற்று என்று விடை வரும்.

உயரம் 10.5 அங்குலம், கேபிள் சுற்று ஏழரை என்றால் விடை 1200. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்க்காதீர்கள். மறுசக்கரம் நிற்கும்போது டிஃப்ரென்ஷியல் காரணமாகக் கேபிள் பாதிதான் சுற்றும், விடை பாதியாகிவிடும்.

உங்கள் மீட்டர் 1000 என்று குறித்தது, கேபிளோ 1200 சுற்றுகிறது. ஓடோமீட்டர் 20 விழுக்காடு கூட்டி எண்ணும். முள்ளும் அதே அளவு கூட்டிக் காட்டும் என்று கொண்டால், இந்தப் பிழை பதிவுக்கு முன் நடக்கும் ஐ.வி.ஏ. தகுதிச் சோதனையிலும் முழுதாகப் பிடிபடாமல் போகலாம். அந்தச் சோதனையில் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக் கூடாது. அதிகமாகக் காட்டினால் உண்மை வேகத்தில் 10 விழுக்காட்டோடு மணிக்கு 6.25 மைல் வரை அனுமதி உண்டு. உண்மையில் 60 மைல் வேகத்தில் செல்லும்போது முள் 72 காட்டும், எல்லை 72.25. 70-இல் செல்லும்போது 84 காட்டும், எல்லை 83.25. ஒரு வேகத்தில் தேறி இன்னொன்றில் தோற்கும். இந்தத் தாராளம் முள்ளுக்கு மட்டும்தான். மைல் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு பொய்யை நீங்களே அனுமதிக்கக் கூடாது.

முள்ளும் எண்ணும் ஒரே கேபிளில் ஓடினாலும் அவை வேலை செய்யும் விதம் வேறு. முள்ளைத் திருப்புவது சுழலும் காந்தம். அதன் இழுப்பை ஒரு மெல்லிய சுருள்வில் தடுத்துப் பிடிக்கிறது. எண் உருளைகளைத் திருப்புவதோ பற்சக்கரங்கள் மட்டும். எனவே முள்ளைச் சரிசெய்து மைல் கணக்கைச் சரிப்படுத்த முடியாது. கியர்பாக்ஸில் ஸ்பீடோ பற்சக்கரத்தை மாற்ற வேண்டும், அல்லது கேபிளின் நடுவே விகிதம் மாற்றும் சிறு பெட்டியைப் பொருத்த வேண்டும், அல்லது மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து உங்கள் எண்ணுக்கேற்ப மாற்றி வாங்க வேண்டும்.

கேபிள் மீட்டரைத் திறந்து பூஜ்யமாக்கும் முறை

வட்டமான உலோக உறையுள்ள ஸ்மித்ஸ் வகை மீட்டரை வைத்துச் சொல்கிறேன். ஜப்பானியக் கார்களின் பிளாஸ்டிக் மீட்டர் தொகுதியில் கழற்றும் விதம் வேறு. உருளைகளின் அமைப்பு ஏறத்தாழ இதுவே.

1. பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். கேபிள் நட்டைக் கையால் திருகிக் கழற்றி, பல்புகளை உருவி, மீட்டரை வெளியே எடுங்கள். திறக்கும் முன் எண் தெளிவாகத் தெரியும்படி தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. முகப்பு வளையத்தின் உள்ளே சிறு கொக்கிகள் இருக்கும். அவை உறையின் விளிம்பிலுள்ள வெட்டுகளுக்கு நேராக வரும்வரை வளையத்தைத் திருப்பினால் கழன்றுவிடும். பழைய ரப்பர் இறுகிப் போயிருந்தால் சிலிக்கான் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினால் வளையம் நெளிந்து, பிறகு கண்ணாடி சரியாக அமராது.
3. உறையின் பின்னாலுள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளமைப்பு முழுதாக வெளியே வரும். சுத்தமான வெள்ளைத் துணியின் மேல் வையுங்கள்.
4. முள்ளைக் கழற்றாமலே முகப்புத் தகட்டின் பின்புறமாக உருளைகளைத் தொட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பல மீட்டர்களில் முடியும். முள்ளை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதை நிறுத்தூசிக்கு மேலாக மெல்லத் தூக்கிவிட்டு, அது தானாகப் போய் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகே கழற்றுங்கள். திரும்பப் பொருத்தும்போது அதே இடத்தில் நிற்காவிட்டால் வேகம் பொய்யாகும்.
5. உருளைகள் கோத்திருக்கும் அச்சின் ஒரு முனையில் கிளிப் அல்லது மடித்த தகடு இருக்கும். அதை விடுவித்து, உருளைகள் ஒன்றையொன்று விட்டு மயிரிழை விலகும் அளவுக்கு மட்டும் அச்சை நகர்த்துங்கள். முழுதாக உருவிவிடாதீர்கள்.
6. அடுத்தடுத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. ஓர் உருளை 9-இலிருந்து 0-க்கு வரும்போது அடுத்த உருளையை ஓரெண் தள்ளுவது இதுதான். இவை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்படி விரலால் பிடித்துக்கொண்டு, இடக்கோடியிலிருந்து ஒவ்வோர் உருளையாகப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பத்தில் ஒரு மைல் காட்டும் வலக்கோடி உருளையைக் கடைசியாகத் திருப்புங்கள்.
7. அச்சைப் பழைய இடத்துக்குத் தள்ளி, கிளிப்பைப் போடுங்கள். கேபிள் நுழையும் சதுரத் துளையில் பொருந்தும் துண்டைச் செருகி, கையால் முன்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். வலக்கோடி உருளை 9 தாண்டும்போது அடுத்தது முழுதாக ஓரெண் நகர வேண்டும். பாதியில் நின்றால் சிறு பற்சக்கரம் ஒரு பல் தள்ளிப் பொருந்தியிருக்கிறது, மீண்டும் பிரியுங்கள்.

உருளையிலுள்ள எண்களை ஈரத் துணியாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள். மை கையோடு வந்துவிடும். சுழலும் அச்சின் அடியில் கடிகார எண்ணெய் ஒரு சொட்டு போதும். காந்தத்திலும் அதைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்திலும் எண்ணெய் படவே கூடாது. பட்டால் கிண்ணம் காந்தத்தோடு சேர்ந்து இழுபட்டு, முள் தப்பாகக் காட்டும்.

பிரிக்காமலே ட்ரில்லைக் கேபிள் துளையில் கொடுத்துச் சுற்றி முடித்துவிடலாம் என்ற யோசனையை நீங்கள் கேட்டிருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து இலக்க மீட்டர் 96,000-இல் நிற்கிறது. பூஜ்யத்துக்கு வர 4,000 மைல் ஓட வேண்டும். 1000 குறித்த மீட்டரை நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓட்டினால் அது மணிக்கு 60 மைல். அந்த வேகத்தில் 66 மணி நேரத்துக்கு மேல் ட்ரில் ஓட வேண்டும். பழைய அச்சும் பேரிங்கும் அதற்குள் தேய்ந்துவிடும். பின்னோக்கிச் சுற்றினாலோ முள் நிறுத்தூசியில் மோதி நிற்கும்; உள்ளமைப்பு பாழாகலாம். பொறுமையாகப் பிரித்துச் செய்வதே மீட்டருக்கு நல்லது.

எலெக்ட்ரானிக் மீட்டர்

புதிதாக வாங்கிய எலெக்ட்ரானிக் டேஷ் பூஜ்யத்தில்தான் வரும். அளவை மட்டும் சரியாக ஊட்ட வேண்டும். டயரின் சுற்றளவையும், ஒரு சுற்றுக்குச் சென்சார் எத்தனை துடிப்பு எண்ணுகிறது என்பதையும் பல டேஷ்கள் கேட்கும். சுற்றளவைக் கணிதத்தில் எடுக்காமல், ஆள் உட்கார்ந்த நிலையில் வண்டியை ஒரு சுற்றுத் தள்ளித் தரையில் அளந்து எடுங்கள். பாரத்தில் டயர் சற்று அமுங்குவதால் உண்மையான அளவு கணித அளவைவிடக் குறைவாகவே வரும்.

சென்சார் சக்கரத்தில் இல்லாமல் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் போல்ட்டுகளை எண்ணும்படி வைத்திருந்தால் டிஃப்ரென்ஷியல் விகிதத்தால் வகுக்க வேண்டும். அளந்த சுற்றளவு 1,690 மில்லிமீட்டர், விகிதம் 3.92, போல்ட்டுகள் 4 என்றால், ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு வண்டி 431 மில்லிமீட்டர் நகர்கிறது. சுற்றளவு 431, துடிப்பு 4 என்று ஊட்டினால் கணக்குச் சரியாகும்.

ஜி.பி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஐ.வி.ஏ. சோதனையில் சக்கரம் உருளைகளின் மேல் சுற்றும். வண்டி இடம் பெயராது. ஜி.பி.எஸ். மீட்டர் அங்கே வேகமே காட்டாது. சோதனை நிலையத்தோடு முன்கூட்டியே பேசி, அவர்கள் எதை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய டேஷை வாங்கினால் அதில் வேறொருவர் ஓட்டிய மைல்கள் இருக்கும். 'டிரிப்' எண்ணைப் பட்டனால் அழிக்கலாம். மொத்தத் தூரத்தை அப்படி அழிக்க முடியாதபடிதான் பொதுவாக வடிவமைத்திருப்பார்கள். அது வாங்குவோருக்கான பாதுகாப்பு, மதிக்க வேண்டியது. கருவியைத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, கிட் காரில் பொருத்தப் போவதாகச் சொல்லி, பூஜ்யமாக்கித் தரக் கேளுங்கள். டோனர் காரின் எலெக்ட்ரானிக் மீட்டராக இருந்தால் எண் ஒரு நினைவகச் சில்லில் இருக்கும். பல கார்களில் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் ஒரு பிரதி இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் இரண்டும் முரண்படும். இதற்கென்றே உள்ள மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, பழைய எண்ணும் புது எண்ணும் எழுதிய ரசீது வாங்குங்கள்.

எழுதிவைக்க வேண்டியவை

கட்டுமானப் பதிவேட்டில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் இவை இருக்கட்டும்:

- டோனர் காரின் பதிவு எண், சேஸி எண், எஞ்சின் எண், பிரித்த நாளன்று அதன் மீட்டர் காட்டிய எண்
- டோனர் காரின் எம்.ஓ.டி. வரலாற்று அச்சு
- பூஜ்யமாக்கும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள், தேதியுடன்
- டயர் அளவு, கேபிள் சுற்று அல்லது துடிப்பு எண்ணிக்கை, அளந்த முறை
- எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் புதிதாக மாற்றியவை

பானெட்டுக்குக் கீழே வைக்கும் தகட்டில் இவ்வளவு போதும்: "ஓடோமீட்டர் பூஜ்யமாக்கியது: தேதி. முந்தைய எண்: 87,412. பொருத்தும்போது எஞ்சின் ஓடிய தூரம்: 87,412." கையெழுத்துப் போடுங்கள்.

பதிவுக்குப் பின்

பூஜ்யமாக்கும் வேலை ஐ.வி.ஏ. சோதனைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சோதனையில் தேறிய மீட்டரை மறுபடி திறந்தால், தேறிய அளவு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. உறைத் திருகாணிகளின் மேல் ஒரு துளி பெயின்ட் வைத்துவிடுங்கள். பிறகு யாராவது திறந்தால் தெரியும்.

சில ஆண்டுகள் கழித்து மீட்டர் பழுதாகி மாற்ற நேர்ந்தால் மீண்டும் பூஜ்யம் வைக்கக் கூடாது. பழைய மீட்டர் கடைசியாகக் காட்டிய எண்ணையே புதியதிலும் வையுங்கள். அது முடியாத கருவி என்றால் பதிவேட்டிலும் தகட்டிலும் இரண்டாவது வரி எழுதுங்கள். எம்.ஓ.டி. வரலாற்றில் எண் திடீரென்று இறங்கினால் பார்ப்பவர் சந்தேகப்படத்தான் செய்வார். அந்த ஒரு வரி அவருக்குப் பதில் சொல்லும். ஆண்டுக்கு இத்தனை மைல் என்று வரம்பு வைத்துக் காப்பீடு எடுத்திருந்தால், மாற்றிய தேதியை நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

எஞ்சினையே மாற்றினாலும் டேஷ்போர்டு எண் மாறாது. அது வண்டியின் கணக்கு. பதிவேட்டில் மட்டும் புது எஞ்சினுக்குப் புதுப் பக்கம் தொடங்குங்கள்.

விற்கும் நாளில் விளம்பரத்தில் இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்கள்: "2019-இல் கட்டிய வண்டி, ஓடியது 4,200 மைல். எஞ்சின் மொத்தம் 91,612 மைல். டைமிங் பெல்ட் பொருத்தும்போது மாற்றியது." கிட் கார் வாங்க வருகிறவர் கட்டியவரின் கைவேலையைத்தான் வாங்குகிறார். வெல்டிங்கை அவர் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஒயரிங்கைத் தொட்டுத் தெரிந்துகொள்வார். ஓடிய தூரத்தை மட்டும் உங்கள் வார்த்தையை வைத்துத்தான் நம்ப வேண்டும். அந்த வார்த்தைக்கு ஆதாரமாகப் பதிவேட்டை அவர் கையில் கொடுங்கள்.